சீவலைத் தொட்டுப் பாருங்கள்: மரவேலை கேள்வி–பதில்

பதினான்கு வயதில் இழைப்புளி பிடித்தவன் நான். இப்போது ஐம்பத்தைந்து. முதல் முப்பத்திரண்டு ஆண்டுகள் உளி, இழைப்புளி, மேசை ரம்பம் என்று போயின. கடைசி ஒன்பது ஆண்டுகளாகக் கணினியின் கட்டளைக்கு ஓடும் சிஎன்சி ரூட்டரோடு இருக்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பல, இயந்திரம் வந்தபின் நம் வேலை என்ன ஆகும் என்ற கவலையைச் சுற்றி இருந்தன. சிலவற்றுக்கு விரிவாக எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும் என்று தோன்றியது.

கேள்வி: அப்பா தச்சர். நானும் அதே வேலைக்கு வரலாமா என்று யோசிக்கிறேன். "பத்து வருடத்தில் எல்லாம் இயந்திரம் செய்துவிடும், இதில் போய் விழாதே" என்கிறார்கள் நண்பர்கள். அப்பா வாய் திறக்க மறுக்கிறார். என்ன செய்யட்டும் ஐயா? — 22 வயது வாசகர்

பதில்: தம்பி, உன் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அதை மறைத்துவிட்டு உன்னை இந்த வேலைக்கு அழைத்தால் அது துரோகம்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் மரக் கப்பிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் செதுக்கினார்கள். மார்க் புருனெல் அதற்கான இயந்திரங்களை வடிவமைத்தார். ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்தார். 1808 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 1,30,000 கப்பிகள் வந்து விழுந்தன. 110 தேர்ந்த கைவினைஞர் செய்த வேலையைப் பயிற்சி இல்லாத 10 பேர் செய்தார்கள் என்பது அன்றைய கணக்கு. அந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என் கண்ணில் படுவது மீதி நூறு பேர். உன் அப்பாவின் மௌனத்தில் இருப்பதும் அந்த நூறு பேரின் பயம்தான். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

ஆனால் எந்த வேலை போயிற்று என்று பார். ஒரே அளவில், ஒரே வடிவில், ஆயிரக்கணக்கில் செய்யும் வேலை போயிற்று. இன்றும் அதுவேதான் போகிறது. பலகையை அளவுக்கு வெட்டுவது, கீலுக்குக் குழி எடுப்பது, அலமாரித் தட்டுக்கு வரிசையாகத் துளையிடுவது, ஓரத்துக்குப் பட்டை ஒட்டுவது. இவற்றை மட்டும் தெரிந்துகொண்டு "நான் தச்சன்" என்று நிற்கிறவனுக்கு வரும் ஆண்டுகள் கடினமாக இருக்கும்.

கோணல் சுவருக்கு முன்னால் நின்று, அலமாரியை எங்கே சீவினால் இடைவெளி தெரியாது என்று முடிவெடுக்கும் வேலை போகவில்லை. அறுபது வருடத்து நாற்காலியில், துளைக்குள் செருகி நிற்கும் முனையான கழுந்து ஆடினால் அதைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி இறுக்கும் வேலையும் போகவில்லை. பத்துப் பலகையில் எதைக் கதவுக்கு எடுப்பது, எதை உள்தட்டுக்குத் தள்ளுவது என்ற தேர்வும் இருக்கிறது. இயந்திரத்தை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் புதிதாகச் சேர்ந்த வேலைகள்.

என் யோசனை இது. அப்பாவிடம் இரண்டு வருடம் கையால் கற்றுக்கொள். அதன் பிறகு இயந்திரப் பக்கம் போ. இந்த வரிசை மாறக் கூடாது. ஏன் என்கிறாயா? ஒரு பலகையை இழைக்கும்போது இழைப்புளி சரேல் என்று ஓடும். அதே பலகையில் ஒரு கை தூரம் தள்ளி நார் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அந்த இடத்தில் அலகு கடித்து, மரம் பிய்த்துக்கொண்டு வரும். பலகையைத் திருப்பி வைத்து மறுபக்கத்திலிருந்து இழைத்தால் பட்டுப் போல வரும். இதை நூறு முறை கையில் உணர்ந்தவனுக்கு, இயந்திரத்தில் ஓரம் பிய்ந்து வந்தால் காரணம் உடனே தெரியும். உணராதவன் திரையில் எண்களை மாற்றிக்கொண்டே இருப்பான்.

கேள்வி: எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை என்னுடையது. சென்ற ஆண்டு கடன் வாங்கி ஒரு சிஎன்சி ரூட்டர் போட்டேன். கணினி தெரிந்த ஒரு பையனைச் சேர்த்திருக்கிறேன். பலகை வெட்டினால் ஓரம் கருகுகிறது. லேமினேட்டின் விளிம்பு பெயர்கிறது. சின்னத் துண்டுகள் வெட்டும்போதே நகர்ந்துவிடுகின்றன. விற்றவர்கள் இயந்திரத்தில் கோளாறு இல்லை என்கிறார்கள். என் இரண்டு மூத்த தச்சர்களும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். — பட்டறை உரிமையாளர்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் நோய் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் கருகலைப் பார்ப்போம்.

ரூட்டரில் சுழன்று வெட்டும் முனைதான் பிட். அதன் ஒவ்வோர் அலகும் ஒவ்வொரு சுற்றிலும் மரத்தில் ஒரு கடி கடிக்கிறது. அந்தக் கடி தடிமனாக இருந்தால் சீவலாக வரும். வெட்டும்போது பிறக்கும் சூடும் சீவலோடு வெளியேறும். கடி மெலிந்துபோனால் அலகு மரத்தை வெட்டாமல் உரசிக்கொண்டே சுற்றும். சூடு பிட்டிலேயே தங்கும். மரம் கருகும், பிட்டின் கூர் போகும், கூர் போனதால் இன்னும் கருகும். புதிதாக இயந்திரம் ஓட்டுகிற எல்லோரும் பயத்தில் மெதுவாக ஓட்டுவார்கள். மெதுவாக ஓட்டினால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. இந்த வேலையில் அந்த எண்ணமே பிட்டைக் கொல்கிறது.

கணக்கு எளிது. சுற்று எண்ணிக்கையை அலகு எண்ணிக்கையால் பெருக்கி, அதை ஒரு கடியின் தடிமனால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 18,000 சுற்று, 2 அலகு, 0.4 மில்லிமீட்டர் கடி என்றால் நிமிடத்துக்கு 14.4 மீட்டர் வேகத்தில் பிட் நகர வேண்டும். உங்கள் பையன் 4 மீட்டரில் ஓட்டினால் கடி 0.11 மில்லிமீட்டர்தான். அது வெட்டு இல்லை, உரசல். உங்கள் இயந்திரத்துக்கு 14 மீட்டர் தாங்காது, அதிர்கிறது என்றால் நகரும் வேகத்தைக் குறைக்கும்போதே சுழற்சியையும் குறையுங்கள். 12,000 சுற்று, 2 அலகு, 0.3 கடி என்றால் 7.2 மீட்டர் போதும்.

லேமினேட் விளிம்பு பெயர்வதற்கு வேறு காரணம். சாதாரண பிட் சீவலை மேல்நோக்கி இழுக்கும், மேல்முகம் பெயரும். இருமுகமும் லேமினேட் போட்ட பலகைக்குக் கீழ்ப்பகுதி மேல்நோக்கியும் மேல்பகுதி கீழ்நோக்கியும் தள்ளும் கம்ப்ரெஷன் பிட் வாங்குங்கள். வாங்கினாலும் முதல் வெட்டின் ஆழத்தைக் கவனிக்க வேண்டும். பிட்டின் கீழே மேல்நோக்கித் தள்ளும் பகுதி இருக்கிறதல்லவா, அந்த நீளத்தைத் தாண்டி முதல் வெட்டே இறங்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிட்டும் மேல்முகத்தைப் பிய்க்கும்.

துண்டு நகர்வதற்கு, பலகையை மேசையோடு இழுத்துப் பிடிக்கும் காற்று உறிஞ்சலைப் பாருங்கள். மேசைமேல் போட்டிருக்கும் எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையின் நாலு பக்க ஓரங்களையும் பட்டை ஒட்டியோ வர்ணம் பூசியோ அடைத்திருக்கிறீர்களா? அடைக்கவில்லை என்றால் பாதிக் காற்று ஓரத்தில் கசிகிறது. மேல்முகம் பழைய வெட்டுக் கோடுகளால் நிறைந்துவிட்டால் மெல்லியதாக ஒரு முறை சீவிச் சமமாக்குங்கள். சின்னத் துண்டுகளை ஒரே மூச்சில் அறுத்து எடுக்காமல், அடியில் தாள் அளவுக்குத் தோலை விட்டுவிட்டு, கடைசிச் சுற்றில் அறுக்கச் சொல்லுங்கள்.

இனி அந்த இரண்டு மூத்தவர்களைப் பற்றி. நான் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். நாற்பத்தாறாவது வயதில், நான் வேலை பார்த்த தொழிற்கூடத்தில் இயந்திரம் வந்தது. கண்ணாடித் தடுப்பு போட்டார்கள். திரைக்கு முன்னால் ஒரு இளைஞனை உட்கார வைத்தார்கள். எங்களில் யாரும் கிட்டே போகக் கூடாது என்று சொல்லவில்லை. போகலாம் என்றும் சொல்லவில்லை. ஆறு வாரம் தள்ளி நின்றே பார்த்தேன். ஒரு நாள் மதியம் அதன் சத்தம் மாறியது. அதுவரை கனமான ஒரே முழக்கமாக இருந்தது, மெல்லக் கீச்சிட ஆரம்பித்தது. அந்த இளைஞன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்; திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. நான் உள்ளே போய் உறிஞ்சு குழாய்க்கு அடியில் சிந்திக் கிடந்ததை விரல் நுனியில் எடுத்தேன். காலையில் அது கடித்தால் நறுக்கென்று உடையும் சின்னச் சின்னச் செதிலாக இருந்தது. இப்போது மாவு. சூடாகவும் இருந்தது. "தம்பி, நிறுத்து" என்றேன். பிட்டைக் கழற்றினோம். அலகு ஓரம் நீலம் பாய்ந்து மழுங்கியிருந்தது.

அந்த இளைஞன் கோபித்துக்கொள்ளவில்லை. "சத்தத்தை வைத்து எப்படி ஐயா கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டான். அன்று சாயங்காலம் அவன் எனக்குத் திரையில் பூஜ்ஜியப் புள்ளி, அதாவது அளவு தொடங்கும் இடம், வைக்கக் கற்றுக்கொடுத்தான். நான் அவனுக்குச் சீவலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் பலகை வீணாவது கண்கூடாகக் குறைந்தது.

நீங்கள் கடன் வாங்கிப் போட்டது இயந்திரத்துக்கு. அதில் ஒரு மாதத் தவணை அளவாவது அந்த இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுக்கச் செலவிடுங்கள். நாளைக்கே கூப்பிட்டு, "பலகையைத் தேர்ந்து மேசையில் வைப்பதும், எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று முடிவு செய்வதும், பிட் எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்வதும் உங்கள் பொறுப்பு" என்று சொல்லுங்கள். அதற்காக அவர்கள் சம்பளத்தையும் ஏற்றுங்கள். பொறுப்பு மட்டும் கொடுத்துச் சம்பளம் ஏற்றாவிட்டால் கை மறுபடியும் கட்டிக்கொள்ளும். அது நியாயமும்கூட.

கேள்வி: கணினி வரைகலை படித்துவிட்டு ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். நான் அனுப்பும் வரைபடங்கள் "பொருந்தாது" என்று கீழ்த்தளத்திலிருந்து திரும்பி வருகின்றன. பெண் என்பதால் மதிப்பதில்லையோ என்று தோன்றுகிறது. — வாசகி

பதில்: இருக்கலாம் அம்மா. அந்த மனப்பான்மை எங்கள் தொழிலில் நிறையவே உண்டு. அதை நான் மூடி மறைக்க மாட்டேன். அப்படி யாராவது பேசினால் உங்கள் மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆனால் வரைபடமும் உண்மையிலேயே பொருந்தாமல் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள்.

திரையில் நீங்கள் 18 என்று போடும் பலகை, கையில் எடுத்து அளந்தால் 17.6 ஆக இருக்கும். அடுத்த கட்டுப் பலகை 18.2 ஆக இருக்கும். இரு முகமும் லேமினேட் ஒட்டினால் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் ஏறும். ஓரப்பட்டை 0.8 என்றால் ஒரு கணக்கு, 2 என்றால் வேறு கணக்கு. லேமினேட் ஒட்டிய பலகையை 18 மில்லிமீட்டர் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், செருகும்படி நீங்கள் வரைந்திருந்தால், அது நுழையவே நுழையாது. அதற்காகத் தச்சர் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பார். உங்கள் பெயரும் அங்கே அடிபடும்.

கட்டை மரத்தில் (ஒட்டுப் பலகை அல்லாத முழு மரத்தில்) செய்யும் பொருளை வரைகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மரம் அறுத்த பிறகும் அசைந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகமிகக் குறைவு. குறுக்கே அசையும், அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அசைவு, வளையத்துக்குக் குறுக்கான திசையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. தேக்கு அசைவு குறைந்த மரம். அதிலேயே 400 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை, மரத்தின் ஈரம் நான்கு சதவீதம் மாறினால் சுமார் 3 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். கதவுச் சட்டத்துக்குள் அந்தப் பலகையை இறுக்கமாக வரைந்து, பசையும் போடச் சொன்னால், சட்டம் பிளக்கும் அல்லது பலகை வெடிக்கும். காடியில் இடம் விடுங்கள். பலகை அங்கே மிதக்கட்டும். வரைபடத்தின் ஓரத்தில் "பசை வேண்டாம்" என்று எழுதுங்கள். அந்த ஒரு குறிப்பைப் பார்த்ததும் கீழே உள்ளவர்களுக்கு இந்தப் பெண்ணுக்கு மரம் தெரியும் என்று புரிந்துவிடும்.

வாரத்தில் ஒரு அரை நாள், நீங்கள் வரைந்ததைப் பொருத்துகிற இடத்தில் நில்லுங்கள். ஆறு மாதம் போதும்.

கேள்வி: என் கணவர் இருபது வருடமாகத் தச்சு வேலை செய்கிறார். இப்போது எம்டிஎஃப் பலகை அதிகமாக வெட்டுகிறார்கள். இரவில் ஓயாத இருமல். முகக்கவசம் போடச் சொன்னால், "கைக்குட்டை கட்டியிருக்கிறேன், போதும்" என்கிறார். — வாசகி

பதில்: சகோதரி, இந்தப் பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்காகவே எழுதுகிறேன்.

தம்பி, மரத்தூள் இயற்கையானது, அது என்ன செய்துவிடும் என்று நாங்களும் சொன்னோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. மூக்கினுள்ளும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய் அது. எம்டிஎஃப், பிளைவுட் போன்றவற்றின் பசையிலிருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைடும் 2004 முதல் அதே பிரிவில் இருக்கிறது. எம்டிஎஃப் தூள் கட்டை மரத்தின் தூளைவிட நுண்ணியது. கண்ணுக்குத் தெரியும் தூள் தரையில் படிந்த பிறகும் தெரியாத தூள் வெகுநேரம் காற்றில் மிதக்கும். கைக்குட்டை அதை நிறுத்தாது. என்95 அல்லது அதற்கு இணையான வடிகட்டி வேண்டும். முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது.

அதைவிட முக்கியம், தூள் பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சுவது. வேலை முடிந்ததும் காற்றுக் குழாயால் உடம்பையும் மேசையையும் ஊதித் தள்ளும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. அதை இன்றோடு விடுங்கள். படிந்த தூளை மறுபடி மூச்சுக்குள் அனுப்பும் வேலை அது. உறிஞ்சி எடுங்கள், அல்லது ஈரத் துணியால் துடையுங்கள். உத்தரத்தின் மேலும் விளக்கின் மேலும் படிந்ததையும் சேர்த்துத் துடையுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு மர ஆலைகள் தூள் தீப்பிடித்து வெடித்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

காதையும் மறந்துவிடாதீர்கள். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் வரைதான் காது தாங்கும் என்று கொள்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். ரம்பம் 100 டெசிபலில் கத்தினால் 15 நிமிடம்தான் கணக்கு. என் வலது காதில் இப்போது குருவிச் சத்தம் கேட்பதில்லை.

சகோதரி, இருமலுக்காக இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மூக்கின் ஒரு பக்கம் மட்டும் நாள்கணக்கில் அடைத்திருந்தாலோ அடிக்கடி ரத்தம் கசிந்தாலோ அதையும் சொல்லுங்கள். முக்கியமாக, "மரத்தூளில் வேலை செய்கிறார்" என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: விரல் பட்டால் தானாக நின்றுவிடும் ரம்பம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? — மாணவர்

பதில்: உண்மை. ஸ்டீபன் காஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1999-இல் கண்டுபிடித்தார். ரம்பத் தகட்டில் சிறு மின்குறிப்பு ஓடிக்கொண்டிருக்கும். மரம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, உடம்பு கடத்தும். தோல் பட்டதும் குறிப்பு மாறும். அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து பற்களைக் கவ்வும். ஐந்து மில்லி விநாடிக்குள் தகடு நின்றுவிடும். கையில் சின்னக் கீறல் மட்டும் இருக்கும். ஒரு முறை இயங்கினால் அந்தக் கட்டையையும் பெரும்பாலும் தகட்டையும் மாற்ற வேண்டும். ஈர மரம் அறுத்தால் தவறாக இயங்கிவிடுவதும் உண்டு.

எனக்கு இடது ஆள்காட்டி விரலின் நுனி இல்லை. பத்தொன்பது வயதில் போயிற்று. அன்று அந்தப் பட்டறையில் ரம்பத்தின் மேல்மூடியைக் கழற்றிச் சுவரில் மாட்டியிருந்தார்கள், வேலை வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக. புதிய ரம்பம் வாங்க வசதி இல்லாதவர்கள் அந்த மூடியைச் சுவரிலிருந்து எடுத்து மறுபடி மாட்டுங்கள். தகட்டுக்குப் பின்னால் நிற்கும் பிளவுக் கத்தியையும் மாட்டுங்கள். கடைசி ஒரு சாண் நீளத்தைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள்.

கேள்வி: பழகுநர்கள் நிற்பதில்லை. சேர்ந்த மூன்றாம் மாதம் போய்விடுகிறார்கள். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை என்பது என் முடிவு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? — ஒப்பந்த மரவேலை செய்பவர்

பதில்: எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. நான் சேர்ந்தபோது முதல் வருடம் முழுக்கக் கூட்டினேன், பலகை சுமந்தேன், திட்டு வாங்கினேன். வேறு போக்கிடம் இல்லாததால் நின்றேன். அதைப் பொறுமை என்று இப்போது பெயர் சூட்டிக்கொள்வது சரியாகப் படவில்லை. இன்றைய பையனுக்கும் பெண்ணுக்கும் போக்கிடம் இருக்கிறது, போகிறார்கள்.

மூன்று மாதத்தில் அவர்கள் கையால் முழுதாகச் செய்த பொருள் ஒன்றாவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் வருபவர்களுக்கு முதல் வாரம் உளி தீட்டுவது. கட்டை விரல் நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும், அதுதான் தேர்வு. இரண்டாம் மாதம் ஒரு முக்காலி: மூன்று கால், ஒரு பலகை, ஆணி இல்லாமல் கழுந்தும் துளையும். ஆடினாலும் பரவாயில்லை. அதில் பெயரைச் செதுக்கி வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்வேன். முக்காலி செய்த யாரும் அடுத்த மாதம் ஓடிப்போனதில்லை.

பிறகு, காலக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். ஜெர்மனியில் தச்சுப் பழகுநர் மூன்று ஆண்டு, வேலையும் பள்ளியுமாகக் கற்று, தேர்வு எழுதி, சான்றிதழோடு வெளியே வருகிறார். பிரான்சில் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு பட்டறையிலும் தங்கித் தொழில் கற்கும் பழைய மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது. யுனெஸ்கோ 2010-இல் அதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. அங்கெல்லாம் சேர்கிறவருக்கு எத்தனை ஆண்டில் என்ன ஆவோம் என்று முதல் நாளே தெரியும். உங்களிடம் சேர்பவருக்கு அது தெரியுமா? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த மாதம் என்ன கற்றுத்தருவீர்கள், எந்த மாதம் கூலி எவ்வளவு ஏறும் என்று. கையெழுத்தும் போடுங்கள்.

கேள்வி: கழற்றி மாட்டும் மரச்சாமான்கள் வந்துதான் தச்சுத் தொழில் கெட்டது என்கிறார் என் மாமா. சரிதானா?

பதில்: கழற்றி மாட்டுவது இன்று வந்ததில்லை. மிகாயேல் தோனே 1859-இல் கொண்டுவந்த பதினான்காம் எண் நாற்காலி ஆறே மரத்துண்டுகள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகள். ஒரு கனமீட்டர் பெட்டியில் முப்பத்தாறு நாற்காலிகளைப் பிரித்து அடுக்கி உலகம் முழுக்க அனுப்பினார்கள். நீராவியில் வளைத்த நல்ல மரம். தலைமுறை கடந்து நிற்கிறது. உங்கள் மாமாவின் வருத்தம் மட்டமான பலகையின் மேல் இருக்க வேண்டும். திருகை விடச் சொல்லுங்கள்.

கேள்வி: மரத்தில் அடுக்குமாடி கட்டுகிறார்களாமே, அதில் நமக்கு வேலை உண்டா? — தச்சுப் பள்ளி மாணவி

பதில்: உண்டு. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பெரிய மரப் பாளங்களைத் தொழிற்சாலையிலேயே இயந்திரத்தால் வெட்டி, துளையிட்டு, எண் போட்டு அனுப்புகிறார்கள். நார்வேயில் 2019-இல் திறந்த மரக் கட்டடம் 85 மீட்டருக்கு மேல். அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022-இல் முடிந்தது 25 மாடி; அதில் கீழ்த்தளங்கள் கான்கிரீட். அங்கே வரைபடம் படிக்கவும், இயந்திரம் ஓட்டவும், உயரத்தில் நின்று பொருத்தவும் ஆள் வேண்டும். மூன்றும் நீங்கள் கற்கக்கூடியவை. பொருத்தும் வேலையில் சேருவதானால் பாதுகாப்புக் கச்சை பயிற்சியை முதலில் முடியுங்கள்.

கேள்வி: எனக்கு 54 வயது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. முதலாளி, "இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொள், இல்லாவிட்டால் உனக்கு வேலை இருக்காது" என்கிறார். திரையைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. என்னால் முடியுமா? — மூத்த தச்சர்

பதில்: அண்ணா என்று அழைக்கத் தோன்றுகிறது, நீங்கள் என்னைவிட ஒரு வயது இளையவர் என்றாலும். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலாளி அப்படிப் பேசியது தவறு. முப்பது நாற்பது வருடம் உழைத்தவரிடம் பேசும் பேச்சு இல்லை அது. ஆனால் உங்களால் முடியும். நானும் எட்டாவதைத் தாண்டாதவன்.

அந்த இயந்திரத்துக்கு மூன்று திசைதான் தெரியும்: இடம்வலம், முன்பின், மேல்கீழ். திரையில் இருக்கும் X, Y, Z என்ற மூன்று எழுத்துகள் அவைதான். 1952-இல் அமெரிக்காவில் முதன்முதலாக எண் கட்டளையில் ஓட்டிக் காட்டிய இயந்திரமும் இதே மூன்று திசையில்தான் ஓடியது, அதுவும் உலோகத்துக்காக. நீங்கள் முழக்கோலை வைத்து மூலையிலிருந்து அளக்கிறீர்கள் அல்லவா, அந்த மூலைக்கு அங்கே பூஜ்ஜியம் என்று பெயர். மூலை தப்பினால் எல்லா அளவும் தப்பும் என்பது உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் வாரம் மூன்றே வேலை கேளுங்கள்: இயந்திரத்தை எழுப்புவது, பூஜ்ஜியம் வைப்பது, சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்துவது. அதிலும் நிறுத்துவதை முதல் நாளே இருபது முறை செய்யுங்கள். நிறுத்தத் தெரிந்த பிறகு என் கை நடுக்கம் பாதியாகக் குறைந்தது. இரண்டாவது வாரம் பிட் மாற்றுவது. பிட்டைப் பிடிக்கும் வளையத்தில் தூள் ஒட்டியிருந்தால் பிட் கோணலாக நிற்கும், துடைத்துவிட்டு மாட்டுங்கள். மூன்றாவது வாரம் வேறொருவர் எழுதிய கோப்பைத் திறந்து, முதலில் பிட்டை மேசைக்கு மேலே உயர்த்தி வைத்துக் காற்றிலேயே ஓட விடுங்கள். எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். போகக் கூடாத இடத்துக்குப் போனால் நிறுத்தத்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்று உங்கள் கையெழுத்தில், உங்கள் வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையது இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. திரையின் மொழி ஆங்கிலம் என்றால் அந்தச் சொற்களை அப்படியே பார்த்து வரைந்துகொள்ளுங்கள்; இருபது சொற்களுக்கு மேல் தினம் தேவைப்படாது.

உங்கள் இயந்திரம் எந்த வகை, திரையில் முதலில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். அந்த இருபது சொற்களையும் தமிழ் விளக்கத்தோடு அடுத்த இதழில் தருகிறேன்.